நார்மல் ரத்தம்

பேராசிரியர் சுந்தரராமன் சர்க்கரை பார்க்கும் சென்சார் செய்யத் தொடங்கியது தொண்ணூற்று நாலில். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம், அரை நிமிஷத்தில் அளவு தெரிந்துவிடும். விலையும் வெளிநாட்டு மிஷினில் கால்வாசி. தயாரித்து விற்க பெங்களூர் பொம்மசந்திராவில் ஒரு கம்பெனி ஒப்புக்கொண்டிருந்தது. ரிட்டயர் ஆவதற்குள் அது கடைக்கு வந்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவருடைய ஆசை.

சென்சார்தான் பாடாய்ப் படுத்தியது. சர்க்கரைத் தண்ணீரில் கனகச்சிதமாகச் சொல்லும், ரத்தம் வைத்தால் எகிறும். ரத்தம் வேறு யாருடையதும் இல்லை, அவருடையதேதான். மாணவர்களைக் குத்தக் கூடாது என்கிற நல்ல மனசு. தவிர, தினமும் சாங்கி ஏரியைச் சுற்றி நடக்கிறவர், தலைவலி மாத்திரைகூட விழுங்கியதில்லை. இதைவிட நார்மலான ரத்தத்துக்கு எங்கே போவது?

"சார், ஒரு தடவ என் ப்ளட்ட வச்சுப் பாக்கலாமே," என்றாள் அவரிடம் பிஎச்.டி. செய்துகொண்டிருந்த நிருபமா.

"நீ காலைல டிபன் சாப்பிடாம ஓடிவர பொண்ணு. உன் ரத்தத்த நம்ப முடியாதும்மா."

ரத்தத்தில் வேறேதோ குறுக்கே வருகிறது என்று முடிவுகட்டினார். வருஷக்கணக்கில் மல்லுக்கட்டி, வரும் எண்ணிலிருந்து இவ்வளவு குறைத்துக்கொள் என்று மிஷினுக்கு ஒரு கழித்தல் கணக்கு போட்டார். அது அவர் ரத்தத்தைப் பார்த்து நார்மல் என்றது. அன்று லேபில் எல்லோருக்கும் மைசூர்பாகு. அவருக்கு இரண்டு.

மனைவி அனந்தலக்ஷ்மிக்குத்தான் மனசு ஆறவில்லை. "ஏன்னா, கூஜா தண்ணி பத்தலை உங்களுக்கு. வேஷ்டி இடுப்புல நிக்கலை. ஒரு தடவை டாக்டர்ட்ட காட்டிண்டு வந்துடுங்கோளேன்."

"சக்கரை பாக்கற மிஷினையே பண்றவன் நான். என்னை இன்னொருத்தன் பாக்கணுமா? பெங்களூர்ல வெயில் ஏறிப்போச்சு, அதான் தாகம்."

மிஷின் ஓர் ஆஸ்பத்திரிக்குச் சோதனைக்குப் போயிற்று. மறுவாரமே டாக்டர் போன் செய்தார். "உங்க மிஷின் பிரகாரம் என் டயாபடீஸ் வார்டுல யாருக்குமே சக்கரை இல்ல சார். நர்ஸுங்களுக்குப் பாத்தா சைபருக்குக் கீழ காட்டுது, அவங்கதான் மயங்கி விழுந்திருக்கணும். யார் ரத்தத்த வச்சு நார்மல் பிக்ஸ் பண்ணீங்க?"

சுந்தரராமன் போனை வைத்துவிட்டு நேரே தெருமுனை லேபுக்குப் போய்க் கையை நீட்டினார். இருநூற்று எண்பது என்று வந்தது.

வீட்டுக்கு வந்து, தன்னிடம் இருந்த இன்னொரு மிஷினைத் திறந்தார். கழித்தல் கணக்கை எடுத்துவிட்டு விரலைக் குத்திக்கொண்டார். அனந்தலக்ஷ்மி காபியோடு வந்து நின்றாள்.

"லக்ஷ்மி, இங்க பாரு. இருநூத்தி எழுபத்தெட்டு. முதல்லயே சரியாத்தான் பண்ணியிருக்கேன்."

அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை அவள் பார்த்து வருஷங்கள் ஆகியிருந்தன. அவளுக்கு அழுகைதான் வந்தது. காபியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய், சர்க்கரை போடாமல் வேறு கலந்தாள்.