முதல் ராக்ன்ஹில்ட்

"எங்க தாத்தா அப்படிப்பட்ட ஆள் இல்ல."

"எப்படிப்பட்ட ஆள்னு நான் சொல்லவே இல்லியே, செல்மர். காகிதத்துல என்ன இருக்குன்னுதான்..."

"காகிதத்துல இருக்கும். எழுதினவன் தூக்கக் கலக்கத்துல எழுதியிருப்பான்."

"ஓஹோ. நார்வேயில ஒரு போதகர் வேலை வெட்டி இல்லாம உங்க தாத்தாவுக்கு இல்லாத பொண்டாட்டியை எழுதி வச்சாராக்கும்?"

"தோரா, காபி ஆறுது."

"ஆறட்டும்."

காபி ஆறட்டும் என்று, நார்வேக்காரர்கள் வந்து குடியேறிய எங்கள் அமெரிக்க ஊரில் ஒருத்தி சொன்னால் விஷயம் பெரிது. செல்மர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு தன் கோப்பையை எடுத்து, என் பங்குக்கும் சேர்த்து ஊதினார்.

சண்டை தொடங்கியது ஒரு ஜெராக்ஸ் தாளால். ஜூன் மாதம் எங்கள் தேவாலயத்துக்கு நூறு வயது. விழா மலரில் குடும்பத்துக்கு ஒரு பக்கம். வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்துவிட வேண்டும். செல்மர் வீட்டுப் பக்கத்தை எழுதுகிறேன் என்று நானே முன்வந்து, இரண்டு மாதமாக மாவட்ட நூலகத்தில் நார்வே ஊர்த் தேவாலயப் பதிவேடுகளின் மைக்ரோபிலிம் சுருளைச் சுற்றிச் சுற்றி மணிக்கட்டு வீங்கிக் கிடந்தேன். கடைசியில் அவர் தாத்தா தோலெஃப் கிடைத்தார். 1869 ஏப்ரலில் ஊரை விட்டு அமெரிக்கா புறப்பட்டவர்கள் பட்டியலில், இருபத்தாறு வயது. பக்கத்திலேயே, 'மனைவி ராக்ன்ஹில்ட், வயது 23.'

செல்மரின் பாட்டி பெயர் குன்வோர். இங்கே மினசோட்டாவில் அந்தப் பாட்டி சுட்ட லெஃப்ஸா ரொட்டியைத் தின்று வளர்ந்தவர் அவர். ராக்ன்ஹில்ட் என்றொரு மனைவியைக் குடும்பத்தில் யாரும் கேள்விப்பட்டதே இல்லை.

"ராக்ன்ஹில்ட்ங்கிறது எங்க அத்தை பேரு" என்றார் செல்மர். "தாத்தாவுக்கு மூத்த பொண்ணு. பொண்ணை எழுதறதுக்குப் பொண்டாட்டின்னு எழுதிட்டான். அவ்வளவுதான்."

"அத்தை பொறந்தது 1872. பொறக்கறதுக்கு மூணு வருஷம் முன்னாடியே கப்பல் ஏறிட்டாங்களா?"

"அப்போ என்ன சொல்ற? ஒருத்தியை நடுவழியில விட்டுட்டு இன்னொருத்தியைக் கட்டிக்கிட்டாருங்கிறியா? அதை மலர்ல போட்டா ஊரே சிரிக்கும். அந்தப் பேர் வேண்டாம், தோரா. விட்டுடு."

"விட முடியாது."

"ஏன் முடியாது? அவ யாரு உனக்கு?"

அதற்கான பதில் மேசை மேலேயே இருந்தது. மலருக்கான பக்கத்தின் அடியில் தன் பெயரை அவரே எழுதியிருந்தார்: 'செல்மர், மனைவி தோரா.' அவ்வளவுதான். நாற்பத்தோரு வருஷம் அவரோடு வாழ்ந்து, ஆறு வருஷத்துக்கு முன் இறந்துபோன ஆல்மா அதில் இல்லை.

ஆல்மாவை எனக்குத் தெரியும். நானும் அவளும் செல்மரும் சிறுவயதில் தேவாலயத்தின் திடப்படுத்தல் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து நார்வே மொழியில் பத்துக் கட்டளைகளை ஒப்பித்தவர்கள். மூன்று வருஷத்துக்கு முன் எங்கள் கல்யாணத்துக்கு முதல் நாள் அவள் படங்களையெல்லாம் செல்மர் நிலவறைக்குக் கொண்டுபோய்விட்டார். எனக்குச் செய்த மரியாதை அது. அன்றிலிருந்து அவள் பெயர் அந்த வாயிலிருந்து வரவே இல்லை. சுவரில் மட்டும் படம் இருந்த இடம் சதுரம் சதுரமாக வெளுத்துத் தெரிகிறது. அந்தச் சதுரங்களுக்கு நடுவே நான் காபி போடுகிறேன். ஒருநாளாவது இந்த மனிதர் ஆல்மா என்று சொல்லமாட்டாரா என்று இருந்தது எனக்கு. சொன்னால்தான் இது என் வீடாகும் போலிருந்தது.

அதை நேராகக் கேட்டுவிடலாமே என்பீர்கள். எங்கள் ஆட்களிடம் நேராகக் கேட்டால் வானிலையைப் பற்றிச் சொல்வார்கள்.

செல்மர் எழுந்து கொட்டகைக்குப் போய்விட்டார். அங்கே ஒரு மரப்படகு கவிழ்ந்து கிடந்தது. ஏலத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து வாங்கியது, கல்யாணத்துக்குப் பிறகு சேர்ந்து வாங்கிய முதல் பொருள். பச்சை வண்ணம் அடித்தாயிற்று. பெயர் மட்டும் பாக்கி. 'தோரா' என்றே எழுதட்டுமா என்று அவர் கேட்டபோது, "என் மேல ஏறி உக்காந்துக்கிட்டு மீன் பிடிப்பியா நீ?" என்று திட்டி அனுப்பியிருந்தேன்.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் எனக்குப் பொறிதட்டியது. ஈரக் கையோடு கொட்டகைக்கு ஓடினேன்.

"செல்மர், என் பெரியப்பா பையன் நில்ஸ் தெரியுமில்ல?"

"அவனுக்கு என்ன இப்போ?"

"பெரியம்மாவுக்கு எங்க பெரியப்பா ரெண்டாவது புருஷன். முதல் புருஷன் ஏரியில முழுகிப்போனான். அவன் பேரு நில்ஸ். ரெண்டாவது கல்யாணத்துல பொறந்த முதல் பையனுக்கு அந்தப் பேரைத்தான் வச்சாங்க. எங்க பெரியப்பாவே தொட்டிலாட்டி நில்ஸு நில்ஸுன்னு கூப்பிட்டாரு."

"அது அந்தக் காலத்து வழக்கம். செத்தவங்க பேரை முதல் குழந்தைக்கு..." அவர் கழுவிக்கொண்டிருந்த தூரிகையைக் கீழே வைத்தார்.

"சொல்லு."

"குன்வோர் பாட்டியோட முதல் குழந்தை ராக்ன்ஹில்ட் அத்தை."

"விட்டுட்டு வந்தவ பேரை எவளாவது தன் பொண்ணுக்கு வைப்பாளா, செல்மர்?"

"செத்துப்போயிருக்கா" என்றார். "ஆனா எங்கேன்னு தெரியணுமே. கல்லறைக் கல்லும் இல்ல, ஒண்ணும் இல்ல."

மறுநாள் வியாழக்கிழமை காலை தேவாலய அலுவலகத்தைத் திறக்கச் சொல்லி இரும்புப் பெட்டியிலிருந்த பழைய அடக்கப் பதிவேட்டை எடுத்தோம். அது 1880இல்தான் தொடங்குகிறது என்பதால் நான் அதைத் தொட்டதே இல்லை. அதற்கு முன் இங்கே கட்டடம் கிடையாது. வருஷத்துக்கு இரண்டு தடவை ஒரு போதகர் குதிரைவண்டியில் வந்துபோனார் என்று மட்டும் தெரியும். செல்மர் புத்தகத்தைக் கவிழ்த்து, பின்னட்டைப் பக்கமிருந்து புரட்டினார். அந்தப் போதகரின் குறிப்பேடு அங்கே சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தது.

"ரெண்டு மாசம் நார்வேயைத் தோண்டினியே," என்றார், "இங்கேருந்து வீடு ரெண்டு மைல்."

"வாயை மூடிக்கிட்டுப் படி."

விரலால் வரிவரியாகப் போனார். அந்தக் காலத்துக் கோணல் எழுத்து எங்கள் இருவருக்கும் பழக்கம்தான். மூன்றாம் பக்கத்தில் விரல் நின்றது.

"'ராக்ன்ஹில்ட், தோலெஃபின் மனைவி, வயது 24. 1870 நவம்பர் 12 அண்டை வீட்டார் புதைத்தனர். 1871 ஜூன் 4 மண் போடப்பட்டது.'"

போதகர் வந்து மூன்று பிடி மண் போட்டால்தான் எங்களுக்கு அடக்கம் முடிந்ததாகக் கணக்கு. செல்மர் விரல்விட்டு எண்ணினார். நவம்பர், டிசம்பர்...

"ஏழு மாசம். பனிக்காலம் பூரா காத்துக்கிட்டு இருந்திருக்காரு."

"கீழே பாரு."

கீழே, அதே வருஷம் அக்டோபரில் தோலெஃபுக்கும் குன்வோருக்கும் திருமணம். மனைவியை இழந்தவர் என்று தெளிவாக எழுதியிருந்தது. அடுத்த வருஷம் அவர்கள் மகளுக்கு ஞானஸ்நானம்: ராக்ன்ஹில்ட்.

செல்மர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

"நல்ல கையெழுத்து" என்றார்.

அவ்வளவுதான் சொல்வார். எனக்கு அது போதுமாக இருந்தது. மலருக்கான பக்கத்தில் தாத்தா பெயருக்கு நேரே முதல் மனைவியின் பெயரைத் தன் கையாலேயே எழுதினார், தேதியோடு.

வீடு திரும்பும்போது வண்டியில் நான் மெதுவாகச் சொன்னேன். "அந்தப் பக்கத்துல இன்னொரு பேரும் விட்டுப்போயிருக்கு."

"முன்னாடி டிராக்டர் போகுது" என்றார் செல்மர்.

"உன் பேருக்குப் பக்கத்துல."

"மெதுவாத்தான் போறான். முந்தலாமான்னு பார்க்கறேன்."

ஒரு மைல் தூரம் அந்த டிராக்டரை முந்தவே இல்லை அவர். வெள்ளிக்கிழமை காலை அவர் பார்க்க, 'ஆல்மா' என்று நானே எழுதி, உறையில் போட்டு ஒட்டினேன். தடுக்கவில்லை. உறையை மட்டும் வாங்கிக்கொண்டு போய், தானே கொடுத்துவிட்டு வந்தார்.

சனிக்கிழமை அவர் தூண்டில் நரம்பு வாங்கக் கடைக்குப் போனதும் நான் கொட்டகைக்குள் நுழைந்தேன். வேலிக்கு அடித்த வெள்ளை வண்ணம் அரை டப்பா மிச்சம் இருந்தது. எழுபதை நெருங்கும் நாங்கள் இனிமேல் தொட்டிலா கட்டப்போகிறோம்? எங்கள் இரண்டாம் கல்யாணத்தின் முதல் குழந்தை அங்கே பச்சையாகக் கவிழ்ந்து கிடந்தது. முட்டி போட்டு உட்கார்ந்து, படகின் மூக்கருகே பெயரை எழுதினேன். கடைசி எழுத்தின் கால் கொஞ்சம் இழுத்துக்கொண்டது.

பின்னால் வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை.

"உனக்கு வழக்கம் தெரியுமில்ல" என்றேன் படகைப் பார்த்தபடியே. "நம்ம ரெண்டு பேருக்கும் இதுதான் மூத்தது."

காலடி பக்கத்தில் வந்தது. என்னோடு முட்டி போட அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது, மூட்டு இரண்டும் சத்தம் போட்டன. வழிந்த வண்ணத்தைக் கைக்குட்டையால் ஒற்றி எடுத்தார். எழுத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரா என்று பார்த்தால், சிரிப்பு.

"ஆல்மாவுக்குத் தண்ணின்னாலே பயம், தோரா."