டிரைவரும் வக்கீலம்மாவும்

இரண்டு நாளாக எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. என் மனைவிக்குப் பதவி உயர்வோடு வேறு ஊருக்கு மாற்றல் வந்திருக்கிறது. திங்கட்கிழமைக்குள் அவள் பதில் சொல்லியாக வேண்டும். போகிறாளா இல்லையா என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "உனக்கு எப்படித் தோணுதோ அப்படிச் செய்" என்று பெரிய மனுஷன் மாதிரி சொல்லிவிட்டு உள்ளுக்குள் வெந்துகொண்டிருக்கிறேன்.

நான் டிவி சீரியல் எடிட்டர். எடுத்துவரும் காட்சிகளை வெட்டி ஒட்டுவது என் வேலை. எங்கள் சீரியலின் நாயகன் நாயகியை யாரும் சீந்துவதில்லை. பேச்செல்லாம் அதில் வரும் வக்கீலம்மாவையும் அவளுடைய டிரைவரையும் பற்றித்தான். கதைப்படி அவர்களுக்குள் ஒன்றுமே கிடையாது. ஒரு நாள் காட்சி நீளம் போதவில்லை. வக்கீலம்மாவாக நடிப்பவர் சாப்பாட்டு வண்டி வந்துவிட்டதா என்று எட்டிப் பார்த்த துண்டு ஒன்று மிச்சமிருந்தது. அதை எடுத்து டிரைவர் முகத்துக்குப் பக்கத்தில் ஒட்டினேன். அவ்வளவுதான். ரசிகர்கள் அதற்குக் கண் காது மூக்கு வைத்து, இருவர் பெயரையும் ஒன்றாக்கி, கல்யாணக் கோலத்தில் படமே வரைந்துவிட்டார்கள். "பசிக்கு வந்த வாழ்வைப் பாருங்க சார்" என்பார் எங்கள் சவுண்ட்காரர்.

இப்போது டிரைவராக நடிப்பவருக்கு சினிமாவில் வாய்ப்பு வந்துவிட்டது. அதனால் அடுத்த வாரம் கதையில் லாரியில் அடிபட்டுச் சாகிறார். அதையும் நான்தான் வெட்டி ஒட்ட வேண்டும்.

என் மனைவி ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறாள். ஒரு ரத்தப் பரிசோதனையை இரண்டு தடவை சரிபார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டாள். அப்பேர்ப்பட்டவள் இந்த ஜோடிக்காக உருகுவதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சனிக்கிழமை மதியம் மறு ஒளிபரப்பைப் பார்த்துக்கொண்டே துணி மடித்தாள்.

"அந்த ரெண்டு பேரையும் சேர்த்து வெச்சுடுவீங்கல்ல?"

மாற்றலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. டிரைவரைப் பற்றித்தான் கவலை. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"அவ டிரைவரைப் பார்க்கவே இல்ல. சாப்பாட்டு வண்டியைப் பார்த்தா. நான்தான் ஒட்டினேன்."

அவள் ஒரு சட்டையின் கையை மடித்தாள். "சரி. யார் முகத்துக்குப் பக்கத்துல வெக்கணும்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கே."

"கதையில கல்யாணமான ஜோடி ஒண்ணு இருக்கு. அவங்களைப் பார்த்தா ஆகாதா?"

"கல்யாணமான ஜோடியைத்தான் வீட்லயே பார்க்கிறேனே." குத்திக்காட்டும் குரல்கூட இல்லை. அதுதான் சுருக்கென்றது. "இவங்களுக்குள்ள சொல்ல இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு. இன்னைக்காவது சொல்லிடுவானான்னு ஒரு தவிப்பு. அதுக்காகத்தான் வேலை முடிஞ்சதும் ஓடி வரேன். என்னை மாதிரி எத்தனையோ பேர்."

பால்கனிக்குப் போனேன், திரும்பி வந்தேன். ஃபிரிட்ஜைத் திறந்தேன், எதற்கென்று தெரியாமல் மூடினேன். திரையில் டிரைவர் கார்க் கதவைத் திறந்துவிட்டான். வக்கீலம்மா ஏறாமல் நின்றாள். மடித்த சட்டையை மார்போடு வைத்துக்கொண்டு என் மனைவியும் அப்படியே இருந்தாள். அந்த முகத்தில் அத்தனை ஆசை. சாகப்போகிற ஒரு டிரைவர்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

"போகாதே" என்றேன்.

"யாரு?"

"நீதான். அந்த ஊருக்குப் போகாதே. நீ இல்லாம என்னால இந்த வீட்ல இருக்க முடியாது."

அவள் டிவியை அணைத்தாள். என் பக்கம் திரும்பினாள். கண் நிறைந்துவிட்டது.

"அவன் சொல்லுவான்னு தினமும் காத்துக்கிட்டிருந்தேன். நீங்க சொல்லுவீங்கன்னு நினைச்சே பார்க்கலை" என்றாள். "நேத்தே போறேன்னு எழுதிக் குடுத்துட்டேங்க."