நிரைக்குப் பின்னால் நின்றவர்

முத்துலிங்கம் கங்காணி புள்ளைக்காம்பராவின் வாசலில் வந்து நின்றபோது உள்ளே ஒன்பது பெண்கள் மல்லாந்து படுத்துக் கிடந்தார்கள். ஒன்பது பேருமே அவருடைய பழைய ஆட்கள். முப்பத்தோரு வருஷம் அவர் அதட்டி வேலை வாங்கியவர்கள். தேயிலை மலையில் கொழுந்து பறிக்கும்போது இடுப்பைச் சுற்றிக் கட்டுகிற படங்குச் சாக்கைச் சிமெந்துத் தரையில் விரித்து, முழங்காலை மடக்கி, கண்ணை மூடிக்கொண்டு, பொழுது சாயுமுன்னே சாவகாசமாகக் கிடந்தார்கள். வேலைக்குப் போகிறவர்கள் தங்கள் பிள்ளைகளைப் பகலில் விட்டுப்போகிற கட்டடம் அது. நாலு மணிக்குத் தாய்மார் வந்து தூக்கிக்கொண்டு போனபிறகும் பால்மா வாசனை போகாது. சுவரில் ஆமையும் ஆப்பிளும் வரைந்திருந்தது. அதற்குக் கீழே இந்தக் கூட்டம்.

நடத்துகிறவள் பிரேமினி. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற வேலையும் அவளுக்குத்தான். அதற்கு முன்னால் ஆறு வருஷம் குவைத்தில் ஒரு வயதான சீமாட்டி வீட்டில் இருந்தாள். வாரம் மூன்று நாள் பிலிப்பைன்ஸ்காரி ஒருத்தி வந்து அந்த அம்மாளுக்குப் பயிற்சி கொடுப்பாள். கால் பிடிக்கிற வேலை பிரேமினிக்கு. பிடித்துப் பிடித்தே முழுவதும் கற்றுக்கொண்டாள். சக்கர நாற்காலியில் கிடந்த அம்மாள் ஒன்றரை வருஷத்தில் தானே குளியலறைக்குப் போனதைக் கண்ணால் பார்த்தவள். அதற்குப் பைலேட்டிஸ் என்று பெயர். தோட்டத்தில் அந்தப் பெயர் யார் வாயிலும் நிற்கவில்லை. காலைப் பெரட்டில் வரிசையாக நின்று பெயர் கொடுத்துப் பழகிய பெண்கள் இதற்குப் ‘படுக்கிற பெரட்டு’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

முத்துலிங்கம் கோயில் கமிட்டியில் இருக்கிறவர், தோட்டத்தில் நடப்பதை ஒரு பார்வை பார்க்க வேண்டாமா என்றுதான் வீட்டிலிருந்து கிளம்பினார். அது சும்மா ஊருக்குச் சொல்கிற காரணம். உண்மைக் காரணம் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் மழைத்தண்ணீர் ஓடுகிற கானில் கிடந்தது.

ஐப்பசி மழையில் ஒருநாள், எல்லாரும் மலைக்குப் போயிருந்த நேரம், கால் வழுக்கி அந்தக் கானுக்குள் உட்கார்ந்த மாதிரி விழுந்தார். எலும்பு ஒன்றும் முறியவில்லை. ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. கையை ஊன்றினால் கால் வரவில்லை, காலை ஊன்றினால் இடுப்பு வரவில்லை. மூன்று மலைக்குக் கேட்கிற தொண்டை அவருக்கு. “யாராச்சும் வாங்க” என்ற இரண்டே சொல் அந்தத் தொண்டையிலிருந்து வெளியே வர மறுத்தது. முக்கால் மணி நேரம் சேற்றுத் தண்ணீரில் கிடந்து, கடைசியில் தவழ்ந்துபோய்ப் தண்ணீர் பிடிக்கிற பீலியின் கட்டைப் பிடித்து எழுந்தார். யாரிடமும் சொல்லவில்லை. கைக்காயத்தை மட்டும் ஃபோனில் பார்த்துவிட்டு, கொழும்புக்குப் பக்கத்தில் வத்தளையில் இருக்கிற மகன் வினோஜன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான்.

“தனியா ஒங்களால இருக்க ஏலுமான்னு பொங்கலுக்கு வந்து பாப்பேன்பா. ஏலாதுன்னா கையோட கூட்டிட்டு வந்துருவேன்.”

மகன் வீடு நாலாம் மாடி. தன் மனைவி செத்த வருஷம் எட்டு நாள் அங்கே இருந்து பார்த்திருக்கிறார். காலையில் மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விடுவார்கள். ஜன்னலுக்குக் கீழே வாகனங்கள் போகும். அங்கே அவரைக் கங்காணி என்று கூப்பிட ஒரு நாயும் இல்லை. அந்த வீட்டை நினைத்தால் அவருக்குச் சாவைவிடப் பயமாக இருந்தது.

வாசலில் நின்றவர் வழக்கப்படி கைத்தடியை ஊன்றி, தொண்டையைச் செருமினார். பிரேமினி அப்போது நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். “மூச்ச விட்டுக்கிட்டே இடுப்பத் தூக்கணும். ஒரேயடியா இல்ல. கீழ் எலும்பு, அதுக்கு மேல எலும்பு, ஒவ்வொண்ணா.” ஆனால் ஒன்பது இடுப்பும் சட்டென்று மேலே போய்ச் சட்டென்று கீழே வந்தன. மறுபடி மேலே, மறுபடி கீழே. கொழுந்து பறிக்கிற கைவேகம் அத்தனையும் இடுப்புக்கு வந்துவிட்டது. பிரேமினிக்கு ஒன்றும் புரியவில்லை.

“என்னங்க இது, இவ்வளவு நேரம் நல்லாத்தானே செஞ்சீங்க?”

நாகலெட்சுமி கண்ணைத் திறக்காமலே சொன்னாள். “பின்னால கங்காணி நிக்கிறாரு பிள்ள. ஒடம்பு தானா ஓடுது.”

அவள் சொன்னபிறகுதான் மற்ற எட்டுப் பேருக்கும் விஷயம் விளங்கியது. படுத்தபடியே சிரித்தார்கள். வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தார்கள். முத்துலிங்கத்துக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பிரேமினி வாசலுக்கு வந்தாள். குரல் மரியாதையாகத்தான் இருந்தது.

“ஐயா, இங்க நிக்கிறதுக்கு ஆள் வேணாங்க. படுக்கிறதுன்னா வாங்க. இல்லாட்டி போயிருங்க.”

துரைமாரைத் தவிர வேறு யாரும் அவரைப் போ என்று சொன்னதில்லை. போய்விட்டார். நாலு நாள் கோபத்தில் வீட்டுக்குள்ளேயே இருந்தார். ஐந்தாம் நாள் செருப்பை எடுக்கக் குனிந்தபோது சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. கோபத்தை யாருக்காக வைத்துக்கொண்டிருக்கிறோம் என்று அப்போது யோசித்தார். புதன்கிழமை, சாரம் கட்டிக்கொண்டு காலைத் தூக்கினால் ஊர் சிரிக்கும் என்று, மகனுடைய பழைய பள்ளிக்கூட டிராக் காற்சட்டையை மாட்டிக்கொண்டு போனார். ஊதா நிறம், பக்கத்தில் மஞ்சள் கோடு. அதற்கும் ஊர் சிரித்தது.

சுவரோரம், கடைசிப் படங்குக்குப் பக்கத்தில்தான் இடம் இருந்தது. அந்தப் படங்கு பூரணியுடையது. அவளுக்கு அறுபத்து மூன்று வயது, ஓய்வு பெற்று இரண்டு வருஷம். வீட்டுக்கு ஏறுகிற எண்பத்திரண்டு படியை முன்பெல்லாம் ஐந்து இடத்தில் நின்று ஏறியவள், இப்போது ஒரே இடத்தில் நிற்கிறாள் என்று நாகலெட்சுமி சொன்னாள். நாகலெட்சுமிக்குத் தன் கால் நகத்தைத் தானே வெட்ட முடிகிறதாம். பெரிய லாட்டரி விழுந்தவள் மாதிரி அதைப் போகிற வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னாள்.

முத்துலிங்கத்துக்கு முதல் இரண்டு வாரம் ஒன்றும் வரவில்லை. எல்லாவற்றையும் முந்திக்கொண்டு செய்தார். “ஐயா, இங்க மெதுவா முடிக்கிறவங்கதான் கெட்டிக்காரங்க” என்று பிரேமினி சொல்லிச் சொல்லிக் களைத்தாள். மெதுவாகச் செய்வது என்பதை வாழ்நாளெல்லாம் குற்றமாகப் பார்த்தவருக்கு அது எளிதாக இல்லை. ஆனாலும் உடம்பு அவரைவிடப் புத்திசாலி. மார்கழி பிறந்தபோது சுவரைப் பிடிக்காமல் நின்றபடி காற்சட்டை போட முடிந்தது. இரவில் இடுப்பு குடையாமல் தூக்கம் வந்தது. அடிவயிற்றுக்குள் இப்படியொரு பலம் இருப்பதை எழுபத்திரண்டு வயதில்தான் தெரிந்துகொண்டார். சந்தோஷமாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

படுத்துத் தலையைத் திருப்பினால் பூரணி தெரிவாள். அவளுடைய தலை தரையில் படாது. நாற்பது வருஷம் கூடையின் கயிறு உச்சந்தலையில் இழுத்த இழுப்பில் கழுத்து முன்னால் வளைந்து அப்படியே நின்றுவிட்டது. துவாயை இரண்டாக மடித்துத் தலைக்குக் கீழே வைத்துக்கொள்வாள். முதலில் நாலாக மடித்துத்தான் வைத்தாளாம். தேயிலைச் செடிகளின் நிரைக்குப் பின்னால் நின்று இந்தப் பெண்களின் பின்பக்கத்தை அவர் முப்பத்தோரு வருஷம் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். கூடைதான் தெரியும். கழுத்து தெரியாது.

பொங்கலுக்கு முந்திய சனிக்கிழமை, மகன் மறுநாள் வருவதாக இருந்தது. அன்றைக்குப் பிரேமினி சொன்னாள். “இன்னைக்கு ஒரே ஒரு வேலைதான். தரையில இருந்து தனியா எந்திரிக்கணும். விழாம இருக்க ஏலாது, எல்லாரும் விழுவோம். எந்திரிக்கத் தெரிஞ்சா போதும்.”

பிள்ளைகள் உட்கார்கிற குட்டி வாங்குகளை, அந்தச் சின்ன மரப் பெஞ்சுகளை, ஆளுக்கொன்றாக இழுத்துப் போட்டாள். பக்கவாட்டில் திரும்பி, முழங்கையை ஊன்றி, முட்டி போட்டு, வாங்கைப் பிடித்து, ஒரு காலை முன்னால் வைத்து எழ வேண்டும். ஒவ்வொருத்தியாக எழுந்தார்கள். எழுந்தவர்கள் தேத்தண்ணி ஊற்றப் பிரேமினியோடு பின்கட்டுக்குப் போனார்கள்.

முத்துலிங்கம் முட்டி போடுகிறவரை வந்துவிட்டார். அதற்கு மேல் முடியவில்லை. வாங்கைப் பிடித்து அழுத்தினால் அது வழவழப்பான தரையில் வழுக்கிக்கொண்டு முன்னால் ஓடியது. இரண்டு தரம் முயன்று கவிழ்ந்தார். கானில் கிடந்த குளிர் திரும்ப வந்த மாதிரி இருந்தது. நாளைக்கு மகன் வருவான். மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று நினைத்தபோது கண் கலங்கிவிட்டது.

பூரணி போகவில்லை. எழுந்து நின்றவள் அங்கேயே நின்றிருந்தாள்.

“அன்னைக்கு நீங்க கானுக்குள்ள கெடந்தீங்கல்ல” என்றாள் மெதுவாக. “நான் பீலிகிட்டதான் நின்னேன்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“வாளியக் கையில வச்சிக்கிட்டு நின்னேன். நீங்க தவழ்ந்து வர்றதப் பாத்துட்டு லயத்துக்குப் பின்னால போயிட்டேன்.”

“கூப்பிடலையே நான்” என்றார் முத்துலிங்கம்.

“கூப்பிட்டிருந்தாலும் வந்திருப்பேனான்னு தெரியலங்க. அந்தக் காலத்துல, மூத்தவன் என் வயித்துல ஏழு மாசம். கொழுந்தெடுக்கையில தல சுத்தி நெரையில உக்காந்துட்டேன். பின்னால நின்னுக்கிட்டு மூணு தரம் எந்திரின்னீங்க. ஊரே பாத்துச்சு. கான்ல ஒங்களப் பாத்தப்ப அந்தச் சொல்லுதான் என் வாயில நின்னுச்சு. சொல்லிருவேனோன்னு பயந்துதான் போனேன். பாவம் செஞ்சிட்டேன். ரெண்டு மாசமா மனசுல கெடந்து அறுக்குது.”

அவருக்கு அந்த நாள் ஞாபகத்தில் இல்லை. தேடிப் பார்த்தார், வரவில்லை. பிள்ளை நல்லபடி பிறந்தது, இப்போது கட்டாரில் இருக்கிறான், கெட்டது ஒன்றும் நடக்கவில்லை. அதனால் அவர் மறந்துவிட்டார். எழுந்தவள் மறக்கவில்லை. எத்தனை பேரிடம் எத்தனை தரம் அந்தச் சொல்லைச் சொல்லியிருப்போம் என்று நினைத்தார். முட்டியில் நின்றபடி அவளுடைய முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தார்.

“பூரணி” என்றார்.

அவருடைய சட்டைப்பையில் ஃபோன் அடித்தது. மகனாகத்தான் இருக்கும். இந்த நேரத்துக்குத்தான் எடுப்பான். அவர் கையை ஃபோனுக்குக் கொண்டுபோகவில்லை.

பூரணி ஓடிப்போன வாங்கைக் காலால் தள்ளிக்கொண்டு வந்து அவர் முன்னால் போட்டாள். பிறகு அது நகராமலிருக்க, அதன் ஒரு முனையில் தானே உட்கார்ந்தாள். ஆமைப் படத்துக்குக் கீழே, பிள்ளைகள் உட்கார்கிற அந்தக் குட்டி வாங்கில், முழங்காலைச் சேர்த்துவைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து வசதியாக உட்கார்ந்தாள்.

“அவசரமில்ல” என்றாள். “மூச்ச விடுங்க மொதல்ல.”

ஃபோன் அடித்து ஓய்ந்து மறுபடியும் அடித்தது. முத்துலிங்கம் வாங்கின் மறுமுனையில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்தார். அது அசையவில்லை. மூச்சை விட்டார். ஊதாக் காற்சட்டைக்குள்ளிருந்து ஒரு பாதம் மெல்ல முன்னால் வந்து தரையைத் தேடியது.