பூட்டிய வீடு கணக்கில் சேராது

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு விழா மலருக்காகக் கேட்கப்பட்டது. "மேடம் ரிட்டயர் ஆகறாங்க, நாலு நல்ல வார்த்தை எழுதிக் குடுங்க" என்றார்கள். பத்துத் தாள் கிழித்தாயிற்று. ஒரு நல்ல வார்த்தை வரவில்லை; எரிச்சல்தான் வருகிறது.

முதல் தொடக்கம்: பருவநிலை மாற்றத்தையும் ஏழை நாடுகளின் விவசாயத்தையும் முப்பது ஆண்டுகள் ஆராய்ந்த இந்தப் பொருளியலாளர், எளிமையின்

(எளிமையாவது மண்ணாங்கட்டியாவது. அடித்துவிட்டேன்.)

2

நான் அவருக்குப் படிவம் நிரப்பியவன். பதினாறு வருஷம் வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கினேன். எத்தனை ஏக்கர், எத்தனை மூட்டை, மழை பொய்த்தபோது என்ன செய்தீர்கள்? ஒரு விதி உண்டு: மூன்று முறை போயும் ஆள் இல்லையென்றால் 'பூட்டிய வீடு' என்று எழுதி, அந்தக் குடும்பத்தை ஆய்விலிருந்தே எடுத்துவிட வேண்டும்.

ஏன் பூட்டியிருக்கிறது என்று எழுதப் படிவத்தில் இடம் கிடையாது. பயிர் கருகி ஊரைவிட்டே போனவர்கள் அத்தனை பேரும் இப்படித்தான் கழிந்தார்கள். மிஞ்சியவர்களை வைத்து மேடம் கண்டுபிடித்தார்: 'வறட்சியை விவசாயிகள் தாங்களே சமாளித்துக்கொள்கிறார்கள்.' விருது கொடுத்தார்கள். அந்த முடிவைக் காட்டியே அரசாங்கம் வறட்சி நிவாரணத்தையும் நிறுத்தியது. அட, செத்தவனை விட்டுவிட்டு எண்ணினால் எல்லா ஆஸ்பத்திரியிலும் எல்லோரும் சௌக்கியம்தான்!

3

(இங்கே மேடத்தை வில்லியாக்கிப் பார்த்தேன். ஒட்டவில்லை. எனக்குக் காய்ச்சல் கண்டபோது படிவக் கட்டைத் தானே தூக்கிக்கொண்டு நடந்தவர். அதனால்தான் கோபம் இன்னும் கூடுகிறது.)

போன வாரம் ஒரு திருத்தக் கடிதம் எழுதி அவரிடம் நீட்டினேன். விடுபட்ட வீடுகள் முந்நூற்றுப் பன்னிரண்டு. அவர் கையெழுத்துப் போட்டால் இந்த வெள்ளிக்கிழமை கூடும் அரசு நிவாரணக் குழு மறுபடியும் யோசிக்கும்.

"இதை ஒத்துக்கிட்டா என் முப்பது வருஷமும் போச்சுப்பா."

"அவங்களுக்கு வீடே போச்சு மேடம்."

"பூட்டிய வீடுன்னு எழுதினது யாரு? நீதானே?"

சுருக்கென்றது. நானேதான். திங்கட்கிழமை திரும்பப் போய்க் கேட்டேன். "பார்க்கலாம்" என்றார்.

4

அடிக்குறிப்பு போல ஒன்று: அந்த முந்நூற்றுப் பன்னிரண்டில் ஒன்று என் அக்கா வீடு. அக்காவும் மாமாவும் நகரத்தில் கல் சுமப்பது எனக்கு அப்போதே தெரியும். ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். விதி விதி என்று எழுதிவிட்டு வந்தேன், பாவி.

நேற்று அக்கா பேசினாள். "நிவாரணம் கிடைச்சா வந்து விதை போட்டுப் பார்க்கலாம்னு மாமா சொல்றாருடா. எங்களைச் சேர்த்துட்டாங்களா?"

"சேர்த்துடுவாங்கக்கா" என்றேன்.

5

முடிவு ஒன்று: மேடம் கையெழுத்துப் போடுகிறார். (நடக்கவில்லை.)

முடிவு இரண்டு: நானே கடிதத்தை அனுப்புகிறேன், குழு அதை (படிவம் நிரப்புகிறவன் பேச்சை எந்தக் குழு கேட்டது?)

இன்று வியாழன். மலர் அச்சுக்குப் போகுமுன் இதைப் படித்து ஒப்புதல் தரப்போகிற முதல் வாசகர் நீங்கள்தான் மேடம். கடிதம் உங்கள் மேஜைமேல், நீலக் கோப்புக்கு அடியில் இருக்கிறது. முடிவை நீங்களே எழுதுங்கள். கடிதத்தோடு ஒரு முறை வந்தேன், திங்கட்கிழமை ஒரு முறை வந்தேன். இது மூன்றாவது முறை.