வெள்ளைப் புகை

கார் பதினோரு மணி நேரம் நின்றிருந்தது. இரவு முழுக்க யாரும் தொடக் கூடாது என்று மெக்கானிக் சேட்டு சொல்லியிருந்தார். காலையில் கூனிமேட்டிலிருந்து சைக்கிளில் வந்ததும் பானெட்டின் மேல் கை வைத்துப் பார்த்தார்.

"நல்லா ஆறியிருக்குது. ஸ்டார்ட் பண்ணுப்பா."

டிரைவர் அந்தோணிதாஸ் சாவியைத் திருப்பினார். எஞ்சின் இரண்டு முறை தடுமாறி ஓடத் தொடங்கியது. சைலன்சரிலிருந்து கிளம்பிய புகை வாசலை மறைத்தது.

"ஆயில வித்துத் தின்னுட்டு எதையோ ஊத்தியிருக்கான். அதான் இப்படிப் பொகையுது" என்றார் அப்பா.

"இல்லீங்கய்யா" என்றார் அந்தோணிதாஸ்.

தப்பு அவருடையது என்று தெரிந்தால் இன்றோடு வேலை போகும் என்று அப்பா நேற்றே எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். எங்கள் உப்புக் கிடங்கின் பின்னால் அவரும் மனைவி இன்னாசிமேரியும் மூன்று பெண்களும் இருக்கும் அறையும் போகும். அதைக் கேட்டுக்கொண்டே அண்ணன் தோசை தின்றான். இன்னும் கொஞ்சம் சட்னி வேண்டும் என்றான்.

நான் வாசற்படியில் நின்றேன். வெளி ஆட்கள் முன்னால் எனக்குப் பேச வராது. பி.எஸ்ஸி. செய்முறைத் தேர்வில்கூட, காதில் விழுகிற மாதிரி சொல்லம்மா என்று இரண்டு தரம் கேட்டார்கள். ஆனால் புகை எனக்குத் தெரியும். ஆயில் எரிந்தால் நீலம். பெட்ரோல் அதிகமானால் கறுப்பு. இது வெள்ளை. காலைக் குளிரில் வரும் ஆவி என்றால் கொஞ்ச நேரத்தில் அடங்கியிருக்கும். இது அடங்கவில்லை.

"அது ஆயில் இல்லப்பா" என்றேன்.

அண்ணன் சிரித்தான். "அட, நம்ம ஊமை பேசுது! சேட்டு, ஸ்பேனர அவகிட்டக் குடுத்துட்டு நீ வூட்டுக்குப் போ."

"தங்கச்சி சொல்றது சரிதான் சின்ன மொதலாளி" என்றார் சேட்டு. "உள்ள தண்ணி எறங்குது."

எஞ்சினை நிறுத்திவிட்டு பிளக்குகளைக் கழற்றினார். மூன்று காய்ந்திருந்தன. ஒன்று மட்டும் நனைந்திருந்தது. "எஞ்சின் கொதிச்சி நின்னப்ப எவனோ பச்சத் தண்ணிய ஊத்தியிருக்கான். தண்ணிய உள்ள வுடாம அடைச்சிருக்கற கேஸ்கெட் போயிடுச்சி மொதலாளி."

எஞ்சின் சூடேறும் முன்பே அவர் ரேடியேட்டர் மூடியையும் திறந்திருந்தார். நான் விரலை விட்டு நாக்கில் வைத்தேன். துப்பினேன்.

"உப்பு."

ஆயில் திருட்டு என்ற பேச்சு அதோடு முடிந்தது என்று நினைத்தேன். எவ்வளவு முட்டாள் நான்! அப்பா அந்தோணிதாஸ் பக்கம் திரும்பினார்.

எங்கள் ஊர் மரக்காணத்தில் நிலத்தடித் தண்ணீர் உப்பு; அதை யாரும் ரேடியேட்டரில் ஊற்ற மாட்டார்கள். கார் வைத்திருப்பவர்கள் டிக்கியில் ஒரு கேன் நல்ல தண்ணீர் வைத்திருப்பார்கள். எங்கள் கேனைத் திங்கட்கிழமைதோறும் அந்தோணிதாஸ் கொல்லைப்புறம் கொண்டுவருவார். குடிக்கிற தண்ணீர் அண்டாவிலிருந்து நான்தான் நிரப்பிக் கொடுப்பேன்.

"கேன்ல தண்ணி தீந்துடுச்சின்னு உப்பளத்து வாய்க்கால்ல மொண்டு ஊத்தினியாடா? அவ்வளவு சோம்பேறித்தனமா?"

"மாதா சத்தியமா இல்லீங்கய்யா. பாப்பா குடுக்கற தண்ணியத் தவிர வேற ஊத்தினதில்லீங்க." அவர் துண்டைக் கையில் எடுத்திருந்தார். என்னைவிட முப்பது வயது பெரியவர். ஒன்பது வருடம் என்னைப் பள்ளிக்கும் கல்லூரி பஸ்ஸுக்கும் கொண்டுபோய் விட்டவர். அவர் குனிந்து நிற்பதற்கு நானே அத்தாட்சி எடுத்துக் கொடுத்திருந்தேன்.

"சத்தியத்துக்கு மட்டும் கொறச்சலே இல்ல" என்றான் அண்ணன். பிறகு குரலை இறக்கினான். "வுடுங்கப்பா, பாவம், வயசான மனுஷன். திட்டாதீங்க. கணக்க முடிச்சி அனுப்பிடுங்க."

அந்த 'பாவம்' என் காதில் அறைந்தது.

"சாவிய வெச்சிட்டுப் போ" என்றார் அப்பா.

அந்தோணிதாஸ் சாவியை நீட்டினார். அப்பாவுக்கு முன்னால் நான் அதைப் பிடுங்கிக்கொண்டேன்.

"ஏய், உள்ள போடி" என்றான் அண்ணன். அவன் முகம் மாறியிருந்தது.

"போக மாட்டேன். போன ஞாயித்துக்கெழம இவரு லீவு. மாதா கோயில்ல பொண்ணுக்கு புதுநன்மை விழா. அன்னைக்கி வண்டிய எடுத்தது யாரு? நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

அவன் சாவிக்குக் கை நீட்டினான். அந்தோணிதாஸ்தான், "வேணாம் பாப்பா" என்றார்.

"அண்ணன்தாம்பா பாண்டிக்கு ஓட்டிட்டுப் போச்சி" என்றேன். தெருவில் போனவர்கள் நின்றார்கள். என் குரல் அவ்வளவு தூரம் போகும் என்று எனக்குத் தெரியாது. "காலி கேன கழுவினது நான். பிராந்தி நாத்தம். முழங்கால் வரைக்கும் உப்பு பூத்த பேண்ட்டத் தொவச்சதும் நான். கேன் தண்ணியக் கலந்து குடிச்சிட்டு, வாய்க்கால்ல எறங்கி மொண்டு ஊத்தினது உங்க புள்ள."