முடியாது என்று சொல்லத் தெரியாதவர்

என் வீட்டுக்காரர் தையல்காரர். 'முடியாது' என்ற சொல் அவர் வாயில் வராது. யார் துணி கொடுத்தாலும் "நாளைக்கே தந்துடறேன்" என்பார். மறுநாள் வந்து கத்துகிறவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்வது நான்.

அப்படிப்பட்டவர் முன்னால் ஒருநாள் காலையில் இரண்டு போலீஸ்காரர்கள் வந்து நின்றார்கள். பக்கத்துத் தெரு செல்போன் கடையில் திருட்டாம். எங்கள் மாடி அறையில் இருக்கும் என் கொழுந்தன் செல்போன் ரிப்பேர் செய்கிறவன். அறை முழுக்க ஊரார் போன்கள், எதற்கும் ரசீது கிடையாது. உள்ளே போனால் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு அவனையும் இழுத்துப் போய்விடுவார்கள். அவனோ உதிரிபாகம் வாங்கப் போயிருந்தான். அறைச் சாவி இவர் சட்டைப்பையில்.

"மாடி ரூம ஒரு பார்வை பாத்துட்டுப் போயிடறோம்" என்றார் மூத்த போலீஸ்காரர்.

"கோர்ட் ஆர்டர் இருக்கா?" என்றேன்.

"எதுக்கும்மா அதெல்லாம்? நீங்க சரின்னா போதும். மறைக்க ஒண்ணும் இல்லன்னா என்ன பயம்?"

"குளிக்கும்போது தாழ்ப்பாள் போடறோமே, திருடினதையா உள்ள ஒளிச்சு வைக்கிறோம்?"

இளையவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். மூத்தவர் என்னை விட்டுவிட்டு இவர் பக்கம் திரும்பினார். இளகின ஆள் யார் என்று முகத்திலேயே தெரியும்போல.

"வீடு உங்க பேர்லதானே சார்? நீங்க சொல்லுங்க."

இவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். போச்சு, தலையாட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"வீடு என்னுதுதாங்க. அந்த ரூம் என் தம்பியோடது. அவன் இல்லாதப்ப நான் சரின்னு சொல்ல முடியாதுங்க. கோவிச்சுக்காதீங்க. ஆர்டரோட வாங்க, நானே திறந்து விடறேன். தண்ணி குடிக்கிறீங்களா?"

தண்ணீர் வேண்டாம் என்று போய்விட்டார்கள். அதற்கப்புறம் இவருக்கு ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. நான்தான் கோத்துக் கொடுத்தேன். இந்த மனுஷனைக் கட்டிக்கொண்டதற்கு அன்றைக்கு அவ்வளவு பெருமைப்பட்டேன். சொல்லவில்லை, தலைக்கேறிவிடும்.

மத்தியானம் கொழுந்தன் வந்தான். நடந்ததைக் கேட்டதும் முகம் வெளிறிப்போனது.

"சாவி உங்ககிட்டதானேண்ணே இருந்துச்சு. அவங்க போனப்புறம் நீங்களாவது போய்ப் பாத்தீங்களா?"

"இல்லடா."

"என்மேல சந்தேகமே வரலையா?"

"வந்துச்சுடா. அத உன்கிட்டதானே கேக்கணும்? நீ இல்லாதப்ப உன் ரூம்கிட்டயா கேக்கறது?" இவர் தையல் மெஷினை நிறுத்தினார். "எல்லாம் ரிப்பேருக்கு வந்ததுதானே?"

"ஆமாண்ணே."

"சரி. கையக் கழுவிட்டு வா, சாப்பிடலாம்."