ராசா, இம்மாசே

அந்த ஜப்பானிய உணவகத்தின் கதவு திறக்க இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. பதினான்கு பேரும் கருநீல மேலங்கியும் தலையில் இறுக்கிக் கட்டிய வெள்ளைத் துணியுமாக கவுண்டரை ஒட்டி வரிசையில் நின்றார்கள். மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். வாசலுக்குப் பக்கத்தில் நின்றவள் அடிவயிறு வரை மூச்சை இழுத்தாள்.

"இராஸ்ஸாய்மாசே!"

மற்ற பதிமூன்று பேரும் அதை வாங்கித் திருப்பிக் கொடுத்தார்கள். 'வாருங்கள்' என்று ஜப்பானிய மொழியில் பொருளாம். அங்கே வேலை பார்த்த யாருக்கும் அந்த மொழியில் அதற்கு மேல் ஏழெட்டு வார்த்தை தெரியாது. ஆனால் விருந்தாளி உள்ளே கால் வைத்ததும் அதைச் சொல்லியாக வேண்டும். முதல் குரல் அவளுடையது. அவள் எடுத்த சுருதியைப் பிடித்துக்கொண்டுதான் சமையலறை முதல் தட்டு கழுவுகிற இடம் வரை பதில் குரல் வரும். அதனால் அவளுக்கு மைக்கு என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

இரண்டாவது தடவை சொல்லும்போது குரல் நடுவில் அறுந்தது. 'இராஸ்' வந்தது, 'ஸாய்' வெறும் காற்றாகப் போனது, 'மாசே' மட்டும் கரகரவென்று பின்னால் வந்து சேர்ந்தது.

"மைக்குல கரண்ட் போயிருச்சு," என்றார் கத்தி அண்ணன். கவுண்டருக்குப் பின்னால் நின்று மீன் வெட்டுகிறவர் அவர். எல்லோரும் சிரித்து முடிப்பதற்குள் வெந்நீர்க் கோப்பை ஒன்றை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். ஒரு மாதமாக இப்படித்தான் நடக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

அந்தக் குரல் வந்த கதை வேறு. அவளுடைய அப்பா முப்பது வருடம் தகரப் பட்டறையில் தகடு அடித்தவர். தகடு அவரை வாழவும் வைத்தது, காதையும் வாங்கிக்கொண்டது. மற்றவர்கள் பேசுவதெல்லாம் அவருக்குத் தண்ணீருக்குள் இருந்து வருகிற மாதிரி இருக்கும். மகள் கத்தினால் மட்டும் சொல் சொல்லாக விழும். அம்மா போன பிறகு ஐந்து வயதிலிருந்து அவள் கத்தியே வளர்ந்தாள். சாப்பிட வாங்கப்பா என்றால் அடுத்த தெருவில் இருப்பவர்களும் கை கழுவுவார்கள் என்று அக்கம்பக்கத்தில் கேலி செய்வார்கள்.

வேலைக்கு ஆள் எடுத்த அன்று ஆறு பெண்கள் வந்திருந்தார்கள். ஐந்து பேர் அந்த வார்த்தையைத் தொண்டைக்குள்ளேயே சொல்லிக்கொண்டார்கள். இவள் சொன்னதும் கவுண்டரில் அடுக்கியிருந்த கண்ணாடிக் குவளைகள் கிணுகிணுத்தன. மேனேஜர் மறுபேச்சில்லாமல் மேலங்கி அளவு கேட்டார்.

வார்த்தை நாக்கில் உட்காருவதற்காக 'ராசா, இம்மாசே' என்று வீட்டில் சொல்லிச் சொல்லிப் பழகினாள். அப்பா காதை நீட்டிக் கேட்டார்.

"எந்த ராசாம்மா வர்றான் இம்மாசம்?"

"எவனும் வரலப்பா! வேலைக்கு!"

"வேலைக்கு ராசாவா? பெரிய இடம்தான்." அதற்குப் பிறகு மாதம் பிறக்கும்போதெல்லாம், "இந்த மாசமும் ராசா வரலையா?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்துக்கொள்வார். நாலு வருடமாக அலுக்காத நகைச்சுவை அது.

அன்று மதியம் நரைத்த கூந்தலை வழித்து வாரிய ஓர் அம்மாளும் மூன்று விருந்தாளிகளும் ஜன்னலோர மேசைக்கு வந்தார்கள். பதினோரு தட்டு விருந்து. தட்டு என்றால் உள்ளங்கையில் அடங்கிவிடும். ஒன்று இலை வடிவம், ஒன்று உடைந்த ஓடு மாதிரி, ஒன்றில் நடுவில் மட்டும் நீலம் தேங்கியிருக்கும். அதில் மூன்று துண்டு மீன், ஒரு கொழுந்து, ஊசிமுனை அளவு பச்சைக் கார விழுது. "பசிச்சவன் வந்தா தட்டையும் சேத்து முழுங்கிருவான்," என்பார் கத்தி அண்ணன். ஒவ்வொரு தட்டையும் இரண்டு கையாலும் வைத்து, மீன் எந்தக் கடலுடையது, எந்தப் பக்கமிருந்து எடுக்க வேண்டும், எதைத் தொட்டுக்கொள்ளக் கூடாது என்று தணிந்த குரலில் சொல்ல வேண்டும். வாசலில் கத்தல், மேசையில் கிசுகிசுப்பு. ஒரு நாளைக்கு இருநூறு தடவை அது, முந்நூறு தடவை இது.

ஆறாவது தட்டில், சுட்ட கத்திரிக்காயை வைத்துவிட்டு அவள் வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை.

"என்னம்மா, சொல்லு," என்றாள் அந்த அம்மாள்.

அவள் தன் தொண்டையைத் தொட்டுக் காட்டி, கையால் தட்டைக் காட்டி, சிரிக்கப் பார்த்தாள். எதிரே இருந்தவர் சாப்பிடுகிற குச்சிகளைக் கீழே வைத்தார். "தொண்டை சரியில்லாதவங்களையா சாப்பாடு எடுத்துட்டு வரச் சொல்றீங்க? தொத்திக்காதா?"

மேனேஜர் ஓடி வந்து இடுப்பு வரை குனிந்தார். நாலு தட்டுக் கத்திரிக்காயும் யாரும் தொடாமலே குப்பைக்குப் போயின. புதிதாக நாலு தட்டு வந்தது. அவள் கழுவுகிற இடத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அழுகை வந்தும் சத்தம் வரவில்லை.

மறுநாள் டாக்டரம்மா மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டுத் திரையில் காட்டினார். குரல் பிறக்கிற இரண்டு வெள்ளை நாடாக்கள், ஒவ்வொன்றின் ஓரத்திலும் எதிரெதிரே ஒரு முண்டு.

"செருப்பு கடிச்சுக் கடிச்சுக் காச்சுப்போகும்ல, அதேதான். ஆறு வாரம் ஒரு வார்த்தை பேசக்கூடாது. கிசுகிசுன்னும் பேசக்கூடாது, அது இன்னும் கெடுதல். அப்படி இருந்தா கரைஞ்சிரும். இதுக்கு மேல கத்துனீங்கன்னா போன குரல் போனதுதான்."

அவள் ஒரு காகிதத்தில் எழுதி எட்டாய் மடித்து மேனேஜரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஆறு வாரம் தட்டு கழுவுகிறேன், வாய் திறக்காத எந்த வேலையும் செய்கிறேன், வேலையை விட்டு மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

மேனேஜர் நல்லவிதமாகத்தான் பேசினார். அவர் எப்போதும் நல்லவிதமாகத்தான் பேசுவார்.

"நீங்க நம்ம குடும்பத்துல ஒருத்தரும்மா. கழுவுற இடத்துலயும் பதில் குரல் குடுக்கணும், அது விதி. நீங்க வீட்ல நல்லா ரெஸ்ட் எடுங்க, உங்க இடம் அப்படியே இருக்கும். ஒண்ணே ஒண்ணு. நாளைக்குக் காலைல வந்து ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்த வார்த்தையப் பதிவு பண்ணிக் குடுத்துட்டுப் போங்க. நீங்க திரும்பி வர்ற வரைக்கும் வாசல் ஊமையா இருக்கக்கூடாது பாருங்க."

கத்தி அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே பின்னால் வந்தார். "வேண்டாம்மா. டாக்டர் அவ்வளவு சொல்லியிருக்காங்கல்ல."

அவள் ஒற்றை விரலைக் காட்டினாள். ஒரு தடவைதானே. மேனேஜர் சொன்னதில் 'உங்க இடம்' என்பதுதான் அவள் காதில் நின்றது.

மறுநாள் காலை துணிமூட்டை அறையில், மடித்து அடுக்கிய கைத்துண்டுகளுக்கு நடுவே, பதிவு செய்ய வந்த ஒருவர் காதில் கருவி மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதல் தடவை கரகரத்தது. வெந்நீர் கொடுத்தார்கள். "இன்னொண்ணு." பத்தாவதில் பாதி வந்தது. "கொஞ்சம் சிரிச்ச முகமாச் சொல்லுங்க." இருபதாவதுக்குப் பிறகு தேன் கொண்டுவந்து கொடுத்தார்கள். முப்பத்தோராவது தடவை, கண்ணை மூடிக்கொண்டு, அப்பாவைச் சாப்பிடக் கூப்பிடுவதாக நினைத்துக்கொண்டு கத்தினாள். வேலைக்குச் சேர்ந்த அன்று வந்த அதே குரல், ஒரு பிசிறு இல்லாமல் வந்தது. காதுக் கருவிக்காரர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். அவளுக்கு நாக்கின் அடியில் ரத்தம் ருசித்தது.

வீட்டில் பெரிய எழுத்தில் எழுதி அப்பாவிடம் காட்டினாள். அவர் கண்ணாடியை ஏற்றி இறக்கி இரண்டு தடவை படித்துவிட்டு, சரிம்மா என்றார். பழைய நாட்காட்டித் தாள்களின் பின்பக்கங்களெல்லாம் எழுதித் தீர்ந்தன. சாப்பிட வாங்க, மாத்திரை போட்டீங்களா, மழை வருது. எழுதினால் காரியம் மட்டும்தான் போய்ச் சேர்ந்தது. மூன்றாம் நாள், "என் மேல கோவமாம்மா?" என்று கேட்டார். அவள் வேகமாகத் தலையாட்டி மறுத்தாள். ஒரு வாரம் கழித்துத் தட்டில் கையை வைத்தபடியே, "நீ பேசாம இருக்கயில்ல, இப்பத்தான் எனக்குக் காது போனதே தெரியுது," என்றார். அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அந்தச் சொல் நாள் முழுக்க அவளை அறுத்தது.

ஆறு வாரம் முடிந்தது. டாக்டரம்மா திரையை வெகுநேரம் பார்த்தார்.

"நடுவுல எப்பவாவது கத்துனீங்களா?"

அவள் தலையைக் குனிந்தாள்.

"பேச்சு வரும், பக்கத்துல இருக்கிறவங்களுக்குக் கேக்குற அளவுக்கு. அதுக்கு மேல எதிர்பாக்காதீங்க."

வீட்டுக்கு வந்ததும் அப்பாவின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, "அப்பா," என்றாள். நூல் மாதிரி வந்தது. அவர் அவள் உதட்டையே பார்த்தார். "என்னம்மா? சொல்லு," என்றார். இன்னொரு தடவை சொன்னாள். அவர் அவள் தலையைத் தடவிவிட்டு, "பரவால்ல, எழுதிக் காட்டு," என்றார்.

வேலைக்குத் திரும்புகிற அன்று அவரும் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார். "நீ எழுதுறத அவங்க படிக்காம விட்டுட்டாங்கன்னா? நான் ரெண்டு வார்த்தை பேசுறேன்." அவரை உணவகத்துக்கு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, ஊழியர்கள் போகிற பின்வாசல் வழியாக அவள் உள்ளே போனாள்.

மேனேஜர் எழுந்து நின்றே வரவேற்றார். உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். பிறகு, "வாசலுக்கு இப்ப ஆள் தேவைப்படலம்மா," என்றார். "அந்தப் பதிவக் கதவோட இணைச்சிட்டாங்க. யார் வந்தாலும் தானாக் கேக்குது. எல்லாத் தடவையும் ஒரே மாதிரி இருக்கு, வர்றவங்களுக்கும் பிடிச்சுப் போச்சு. கழுவுற இடத்துக்கும் போன வாரம்தான் ஆள் எடுத்தோம்."

அவள் பையிலிருந்து தாளை எடுத்து எழுதினாள். அது என் குரல்.

"அதனாலதாம்மா அவ்வளவு நல்லா இருக்கு," என்றார் மேனேஜர். அவர் கிண்டல் செய்யவில்லை, பாராட்டாகத்தான் சொன்னார்.

துவைத்துத் தேய்த்துக் கொண்டுவந்திருந்த மேலங்கியை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தாள். கவுண்டரைக் கடக்கும்போது கத்தி அண்ணனின் கை நின்றது. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பக்கத்துச் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்தபோது பெஞ்சு காலியாக இருந்தது. அப்பா தெருவைக் கடந்து உணவகத்தின் கண்ணாடிக் கதவுக்கு நேராக நின்றுகொண்டிருந்தார். கதவு விலகியது. மேலேயிருந்த ஒலிபெருக்கி முழு வீச்சில் கத்தியது.

"இராஸ்ஸாய்மாசே!"

அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஆறு வாரமாக அவள் பார்க்காத முகம் அது. "வந்துருச்சா!" என்று உள்ளே பார்த்துக் கூவினார். "குரல் வந்துருச்சாம்மா! இம்மாசம் ராசா வந்துட்டானா? நான் இங்கதான் இருக்கேன், வெளிய வாம்மா!"

ஜன்னலோர மேசைக்காரர்கள் குச்சிகளைப் பிடித்தபடியே திரும்பிப் பார்த்தார்கள். அவருக்கு நாலடி பின்னால் நின்று அவள், "அப்பா," என்றாள்.

யாரும் வராததால் அவர் ஒரு அடி பின்னால் வைத்தார். கதவு மூடிக்கொண்டது. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, மறுபடியும் கேட்பதற்காக முன்னால் நகர்ந்தார்.